பச்சை எரிந்த பெட்டி

மேசையில் இருந்தவை மூன்று பெட்டிகள். திரை நான்கு என்றது.

மகேஸ்வரி கேபிள்களைக் கழற்றி, முனைகளைத் துப்பட்டாவால் துடைத்து, மறுபடி செருகினாள். திரையில் வரிசை ஒருமுறை காலியாகி நிதானமாக நிரம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் தயங்கி, நான்கு.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிகூட ஆகவில்லை, அதற்குள் அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. காலையிலிருந்து அடித்த மழையில் உச்சிப்புளியே கறுத்துக் கிடந்தது. ராமேஸ்வரம் சாலையை ஒட்டிய அந்த வாடகை வீட்டின் முன்னறைதான் அலுவலகம். தகரச் சார்ப்பில் விழுந்த தண்ணீர் இடைவெளியில்லாமல் இரைந்துகொண்டிருந்தது, தினமும் தலைக்குமேல் தடதடக்கும் கடற்படை ஹெலிகாப்டர்கள் இன்று ஒன்றுகூட எழும்பவில்லை, சாலையில் எப்போதாவது ஒரு பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது கண்ணாடிக் கதவு ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. மற்ற மூன்று பேரும் மழையைச் சாக்கிட்டு பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். ஈயப் பற்றவைப்பின் புகை வாடை, காலையில் வாங்கி வைத்து ஆறிப்போன டீயின் வாடை, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. கரையில் ஒதுங்கிக் காயாமல் கிடக்கும் பாசியின் வாடை.

நான்காவது பெட்டியின் எண்ணைப் பார்த்தாள். நூற்றுப் பதினேழு.

அந்த எண்ணை அவள் பார்த்ததும் தெரிந்துகொள்ளக் காரணம் உண்டு. மாரியூர் தங்கசாமியின் படகில் மாட்டியிருந்த பெட்டி அது.

ஆரஞ்சுப் பெட்டி என்றுதான் கடற்கரையில் சொல்வார்கள். சாப்பாட்டுத் தூக்கு அளவு. மேலே ரப்பர் மூடிய ஒரு பொத்தான், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. படகு கவிழ்ந்தாலோ இன்ஜின் செத்தாலோ பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ரேடியோ கரைக்குச் செய்தி அனுப்பும். செய்தி போய்ச் சேர்ந்தால் பச்சை. போகவில்லை என்றால் சிவப்பு. இருநூற்றுப் பத்துப் படகுகளில் இந்தப் பெட்டி ஓடியது. தர்மராஜின் கம்பெனி செய்து கொடுத்தது. அதற்குள் ஓடும் கெர்னல் என்ற அடிப்படைப் புரோகிராமில், ரேடியோவோடு பேசும் டிரைவர் என்ற சின்னத் துண்டை எழுதியவன் ராம்குமார். அவன் எழுதுவதைப் படித்துப் பார்த்துச் சரி என்று பெயர் போடுகிறவள் மகேஸ்வரி.

இருபத்து மூன்று நாளுக்கு முன் தங்கசாமியும் அவரோடு மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள். திரும்பவில்லை. கரைக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. ஒன்பது நாளுக்கு முன் வேறு யாருடைய வலையிலோ பெட்டி மட்டும் சிக்கியது. இப்போது அது மகேஸ்வரிக்குப் பின்னால், சுவரலமாரியில், பாலித்தீன் பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியைக் கழற்றியதே அவள்தான்.

திரும்பி அலமாரியைப் பார்த்தாள். மூடியிருந்தது. பழைய பதிவு எதுவோ திரையில் தங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வந்த வேலையைத் திறந்தாள்.

பேட்ச் என்கிற அந்தப் புரோகிராம் மாற்றம் சின்னது. மொத்தம் ஒன்பது வரி. ராம்குமாரின் பெயரில் காலை பதினொன்று நாற்பதுக்கு வந்திருந்தது. "தேவையற்ற பிழைச்செய்தி நீக்கம்" என்று தலைப்பு. அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. ராம்குமார் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை.

போன் அடித்தது. தர்மராஜ்.

"பாத்துட்டியாம்மா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"ஒம்பது வரிய எம்புட்டு நேரம் பாப்ப? சட்டுனு அப்ரூவ் குடு. அந்தப் பழைய பொட்டிலயும் அதை ஏத்தி வச்சிரு. திங்கக்கெழம காலைல விசாரணைக்கு ஆளுக வாராக."

"பழைய பொட்டில எதுக்கு சார்? ஏத்துனா உள்ள பதிவாகி இருக்க லாக் பூராம் அழிஞ்சு போகுமே."

அவர் ராமநாதபுரத்து வீட்டில் இருக்கிறார் என்பது பின்னால் கேட்ட டிவி சத்தத்தில் தெரிந்தது.

"அழியட்டும்" என்றார். "சொன்னதச் செய்யி."

வைத்துவிட்டார்.

மகேஸ்வரி வரி வரியாகப் படித்தாள். நயினார்கோவில் பக்கம் மானாவாரி வயலில் அவளுடைய அய்யா வரப்பைக் காலால் மிதித்து மிதித்து எங்கே ஓட்டை என்று பார்ப்பார். அவளும் அப்படித்தான் படிப்பாள், விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு. டிரைவர் விஷயத்தில் விதி எளிது. நல்லபடியாக முடிந்தால் ஜீரோவைத் திருப்பு. கெட்டுப்போனால் ஒரு மைனஸ் எண்ணைத் திருப்பு. ரேடியோ பதில் சொல்லவில்லை என்றால் மைனஸ் ஐந்து. அந்த மைனஸ் ஐந்து மேலே போய்ச் சேர்ந்தால்தான் சிவப்பு எரியும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் அது மேலே போகவில்லை. ரேடியோ தோற்றால் லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, ரிட்டர்ன் ஜீரோ. பச்சை.

எட்டு மாதத்துக்கு முன், பெட்டியை முதன்முதலாகக் கடற்கரை ஆட்களுக்குக் காட்டவிருந்த நாளில் சிவப்பு எரியக்கூடாது என்று தர்மராஜ் போடச் சொன்ன மாற்றம் அது. "தற்காலிகமா" என்றார். மகேஸ்வரி இது தப்பு என்று எழுதினாள். மறுநாளும் எழுதினாள். மூன்றாம் நாள் எல்லாரும் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார்கள். பெயரைப் போட்டுக் கொடுத்தாள். பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இன்றைய பேட்ச் லாகில் எழுதும் அந்த ஒரு வரியையும் நீக்குகிறது. தோற்றதற்கு இருந்த ஒரே சாட்சி.

இன்னொன்றும் இருந்தது. அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது. ரேடியோவிடம் பேசுமுன் டிரைவர் ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். பேசி முடித்ததும் திறந்துவிட வேண்டும். லாக் வரியோடு சேர்த்து, தோற்றுத் திரும்பும் வழியில் பூட்டைத் திறக்கும் வரியையும் ராம்குமார் எடுத்திருந்தான். அப்படியானால் முதல் தோல்விக்குப் பிறகு பெட்டி உள்பூட்டோடு நிற்கும். அடுத்து யார் எத்தனை முறை அழுத்தினாலும் அந்த அழுத்தல் உள்ளேயே காத்துக்கிடக்கும், வெளியே வராது. இருநூற்றுப் பத்துப் படகுகளிலும்.

ராம்குமார் இப்படித் தப்புச் செய்கிறவன் இல்லை.

நூற்றுப் பதினேழின் லாகைத் திறந்தாள். பெட்டி வந்த அன்று ராம்குமார் அதைப் படித்து எடுத்து வைத்த நகல் அது. அவள் இதுவரை திறந்ததில்லை.

முதல் வரி மாலை நான்கு பன்னிரண்டு. பொத்தான் அழுத்தப்பட்டது, அனுப்ப முடியவில்லை, மைனஸ் ஐந்து. நான்கு பதினான்குக்கு மறுபடி. அதன்பின் இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. அந்த வெற்று இடத்தை மகேஸ்வரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை எரிந்திருக்கிறது. சேதி போய்விட்டது, ஆள் வருவார்கள் என்று நான்கு பேரும் சும்மா இருந்திருக்கிறார்கள்.

ஆறு இருபதுக்கு மறுபடி தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. விடிகாலையில் ஒரு நிமிடத்துக்குள் ஒன்று. அவள் கீழே உருட்டினாள். மறுநாள். அதற்கு மறுநாள். பேட்டரி நான்கு நாள்தான் தாங்கும். ஐந்தாம் நாளும் இருந்தது. பத்தாம் நாளும். இப்போது ஒரே சீராக, நாற்பத்தோரு நொடிக்கு ஒன்று, பெட்டி கடலடியில் கிடந்த நாளெல்லாம், வலையில் ஏறிய நாள், அவள் கையால் பேட்டரியைக் கழற்றிய நாள், நேற்று, இன்று காலை. நாற்பத்தெட்டாயிரம் வரியைத் தாண்டி ஓடியது.

கடைசி வரியில் நேரம் மூன்று இருபத்தாறு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தாறு.

நகல் அது. அதில் எழுத எந்தப் பெட்டியாலும் முடியாது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொரு வரி சேர்ந்தது.

அதே நொடியில், மழைச் சத்தத்துக்குள், முதுகுக்குப் பின்னால், அலமாரிக்குள்.

டக்.

அவள் அசையவில்லை. மனசுக்குள் எண்ணினாள். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

டக்.

ராம்குமாரை அழைத்தாள். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காம் தடவை எடுத்தான்.

"ஏலே ராம்குமாரு, என்னத்தடா எழுதி வச்சிருக்க? பூட்டத் தொறக்குற வரிய எதுக்கு எடுத்த?"

"அக்கா, அப்ரூவ் பண்ணிருங்கக்கா" என்றான். மூன்று நாளில் குரலே தேய்ந்திருந்தது. "சாரு லாக்க மட்டும்தான் எடுக்கச் சொன்னாரு. பூட்டு நானா எடுத்தேன். அது உள்ளயே நிக்கட்டும்க்கா. வெளிய வரக்கூடாது."

"எது?"

"வீட்டுல எல்லா சுவிட்சயும் கழட்டிப்புட்டேன். பேனாவத் தூக்கி வெளிய எறிஞ்சேன். டார்ச்சும் போச்சு. அமுக்குற மாதிரி ஒரு சாமானும் இங்கன இல்ல. ஆனாலும் கேக்குதுக்கா."

அவன் பேச்சை நிறுத்தினான். அவன் பக்கத்திலும் கேட்டது. டக். இங்கே அலமாரிக்குள் கேட்ட அதே நேரம்.

"லாக்ல வரி வரலேன்னா சத்தமும் வராதுன்னு நெனச்சேன்" என்று ராம்குமார் அழத் தொடங்கினான். "ஒங்க பேரு போட்டாத்தான் ஏறும். போட்டு விட்ருங்கக்கா."

மகேஸ்வரி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.

வாடை முகத்தில் அடித்தது. பாலித்தீன் பைக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒன்பது நாளுக்கு முன் அவள் துடைத்துக் காயவைத்துக் கட்டிய பை. பெட்டியின் மூலைகளில் சிப்பி ஒட்டியிருந்தது, பேட்டரிக் குழி காலி, விளக்கு மட்டும் மங்கலாகப் பச்சை. பையை மேசைக்குக் கொண்டுவந்து அவிழ்த்து, தண்ணீர் வடிய, பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரப்பர் பொத்தான் நடுவில் குழிந்தது. யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல மெதுவாக, அடிவரை. டக். பிறகு எழும்பியது.

"யாரு?" என்றாள். தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டது. "என்ன வேணும் ஒங்களுக்கு?"

மழை.

கோபம் வந்தது அவளுக்கு. பயத்தின் அடியிலிருந்து வந்தது. இந்த ஒரு பொத்தானை ஒரு தடவையாவது அழுத்தவிடாமல் நிறுத்திப் பார்க்கிறேன் என்று தன் கட்டைவிரலை எடுத்து அதன்மேல் வைத்தாள். அழுத்தவில்லை, மூடினாள், அவ்வளவுதான். எண்ணினாள்.

நாற்பத்தொன்றில் அவள் விரல்மேல் வேறொரு விரல் வந்து படிந்தது.

ஈரம். பனிக்கட்டிக் குளிர்ச்சி. சதை இல்லை, சதை இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பான கெட்டி ஒன்று. அது அவள் நகத்தை வெளுக்க வெளுக்க அழுத்தியது. டக். விட்டது.

கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவு நான்கே அடி தூரம். சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது, பஸ் ஏறினால் வீடு. எழுந்துகூட விட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். அப்போது திரை கண்ணில் பட்டது. பழைய மாற்றத்தின் கீழே எட்டு மாதமாக நின்றுகொண்டிருந்த வரி. பார்த்தவர்: மகேஸ்வரி.

பையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ராம்குமாரின் பேட்ச்சின் கீழே எழுதினாள்: "ஏற்க முடியாது. தோல்வியை மறைக்கிறது. பூட்டைத் திறக்காமல் திரும்புகிறது. முன்பு ரிட்டர்ன் ஜீரோவுக்கு ஒப்புதல் கொடுத்தது நான். அதுவும் தப்பு. நான்கு பேர் போனதற்கு அதுவே காரணம்." அடியில் பெயரைப் போட்டாள். பிறகு தானே எழுதத் தொடங்கினாள். தோற்றால் லாகில் எழுது. பூட்டைத் திற. வந்த மைனஸ் எண் எதுவோ அதையே மேலே கொடு. நான்கு வரிதான். எட்டு மாதத்துக்கு முன்னும் நான்கு வரியாகத்தான் இருந்திருக்கும்.

நாற்பத்தோரு நொடிக்கு ஒருமுறை அது அழுத்திக்கொண்டே இருந்தது. அவள் தட்டச்சுக்கு நடுவில் அது ஒரு தாளமாகவே ஆகிவிட்டது.

நூற்றுப் பதினேழின் லாக் முழுவதையும், பழைய மாற்றத்தையும், அதற்கு அவள் முதலில் எழுதிய எதிர்ப்புகளையும், கடைசியில் கொடுத்த ஒப்புதலையும் சேர்த்துக் கட்டி, விசாரணைக்கு வரும் அதிகாரியின் முகவரிக்கு அனுப்பினாள். போனது. பிறகு புதிய டிரைவரை ஏற்றச் சொன்னாள். எத்தனை பெட்டியில் என்று திரை கேட்டது. மூன்றா, நான்கா?

நான்கு என்றாள்.

திரையில் பட்டை ஊர்ந்து நிரம்பியது. மூன்று பெட்டிகள் அணைந்து எரிந்தன. பேட்டரி இல்லாத நான்காவதும் அணைந்து எரிந்தது.

முப்பத்தொன்பது. நாற்பது.

டக்.

சிவப்பு.

அந்தச் சின்ன விளக்கின் சிவப்பு ஈரமான மேசையெல்லாம் பரவியது. மகேஸ்வரி குனிந்து, உதடு பெட்டியைத் தொடும் தூரத்தில், பேசினாள்.

"சேதி போகலண்ணே. அன்னைக்கே போகல. யாரும் வரமாட்டாக. நாங்க பொய் சொல்லிட்டோம்."

நாற்பத்தொன்று ஆனது. அழுத்தவில்லை. எண்பது. நூறு. பொத்தான் எழும்பியபடியே இருந்தது. லாகில் புதிய வரி இல்லை. இருபத்து மூன்று நாளில் முதன்முதலாக.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. கவிழ்த்து வைத்த போன் அதிர்ந்தபோது அறை முழுதாக இருட்டியிருந்தது, மணி ஐந்தரை. ராம்குமாரின் செய்தி.

"அக்கா நின்னுருச்சு."

அடுத்ததும் வந்தது.

"இப்ப நடக்குற சத்தம் கேக்குது."

அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பச்சை எரிந்தவரை அவர்கள் காத்திருந்தார்கள். ஆள் வருவார்கள் என்று, கிடந்த இடத்திலேயே, நகராமல். இனிமேல் காத்திருக்க ஒன்றும் இல்லை.

போன் மறுபடி அடித்தது. தர்மராஜின் குரலோடு கார் சத்தமும் வந்தது.

"என்ன காரியம் பண்ணிருக்க நீ? யாரக் கேட்டு மெயில் அனுப்புன? ஒன்னைய எங்கன நிறுத்தணுமோ அங்கன நிறுத்துறேன். பொட்டிய எடுத்து வையி, நான் வாலாந்தரவை தாண்டிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்."

"சார், வராதீக."

"என்ன?"

"காரத் திருப்புங்க சார். இங்கன வராதீக, சொல்றதக் கேளுங்க."

"எனக்கே நீ..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "யாருய்யா இது, மழைக்குள்ள நடுரோட்டுல? நாலு பேரு. குடையுமில்ல ஒண்ணுமில்ல. ஒதுங்குறானுகளா பாரு." ஹாரன் அடித்தார். நீளமாக. மறுபடி. "ஆபீஸ் பக்கம்தான் போறாய்ங்க. நீ வரச் சொன்னியா?"

"சார், காரத் திருப்புங்க!"

தொடர்பு அறுந்தது.

மகேஸ்வரி எழுந்து நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சாலை தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. கறுப்பாக. அதற்குள் இரண்டு வெளிச்சம் வந்தன. தள்ளாடி வந்தன. வாசலுக்கு நேரே நின்றன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கும் சத்தம் இல்லை.

எண்ணினாள். இந்த முறை ஏன் எண்ணுகிறோம் என்று தெரியாமல் எண்ணினாள். யாரும் இறங்கவில்லை.

படகுகளில் பெட்டியை மாட்டும் சாமான் பையில் ஒரு சுத்தியல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினாள்.

நான்கு பேர் காரைச் சுற்றி நின்றார்கள். மழை அவர்கள்மேல் விழுந்தது, தெறிக்கவில்லை. முகம் இருந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு கைகளை மட்டும் பார்த்தாள். தொங்கிய வலது கைகளில் மற்ற விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. கட்டைவிரல்கள் முதல் கணுவோடு நின்றன. தேய்ந்து. எலும்பு வெண்மையாக, மழமழவென்று.

காரின் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே விளக்கு எரிந்தது. உள்ளே, கூரைவரை, தண்ணீர்.

மழைத் தண்ணீர் இல்லை. பச்சை கலந்த கலங்கல். பாசித் துணுக்குகள் மெல்லச் சுழன்றன. ஸ்டியரிங்குக்குப் பின்னால் தர்மராஜ் உட்கார்ந்திருந்தார், சட்டை உப்பி மிதக்க, தலைமுடி மேலே எழும்பி நிற்க. அவர் கட்டைவிரல் கதவிலிருந்த, கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தியது. விட்டது. அழுத்தியது. விட்டது. கண் திறந்திருந்தது. அது அவளைப் பார்த்தது. பார்த்து நகர்ந்தது.

உயிர் இருக்கிறது.

"விடுங்க அவர!" என்று மகேஸ்வரி கத்தினாள். "விடுங்கன்றேன்ல!"

சுத்தியலை ஓங்கிக் கண்ணாடியில் அடித்தாள். கை தோள்வரை அதிர்ந்தது. கீறல்கூட விழவில்லை. மறுபடி அடித்தாள். நால்வரும் அவளைத் தடுக்கவில்லை. அவளுக்கு இடம்விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள், மரியாதையாக. ஒருவர் மட்டும், அவர்களில் வயதானவர், காரை மெதுவாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். முன்கதவின் பிடியில் கை வைத்தார்.

கதவு திறந்தது.

தண்ணீர் கொட்டவில்லை. கதவு இருந்த இடத்தில் செங்குத்தாக, சுவராக, அப்படியே நின்றது. சின்ன மீன் ஒன்று அதன் விளிம்புவரை வந்து திரும்பிப் போனது. தர்மராஜுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சீட் பெல்ட் தண்ணீருக்குள் அசைந்தது, எடுத்துக் கட்டிக்கொள்ள வசதியாக.

கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்காக.

மகேஸ்வரிக்குப் பல் கிட்டிக்கொண்டது. மூத்திரம் காலில் வழிந்தது, மழையோடு போனது. அவள் பின்வாங்கவில்லை.

"ஏறமாட்டேன்" என்றாள். "எம்பேரு அதுல இருக்கு, தெரியும். நானே எழுதி அனுப்பிட்டேன். திங்கக்கெழம போயி நிப்பேன், கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுவேன். இவரும் வந்து சொல்லட்டும். இதுக்குள்ள ஏறமாட்டேன்."

கிழவர் நகரவில்லை. மூன்று பேரும் நகரவில்லை. உள்ளே விரல் அழுத்தியது. விட்டது. அழுத்தியது.

அவள் சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி ஓங்கினாள். அடித்தாள். ஓங்கினாள். அடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் திறந்து மூடியது, குமிழ்கூட வரவில்லை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம், நின்ற தண்ணீருக்கு வெளியே, தேய்ந்த கட்டைவிரல் ஒன்று கதவின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தது.

கதவு மூடவில்லை.